நாலு வருஷம் வீணா? – நம் முதல் பிரின்சிபால் ஜி.டி. நாயுடு



மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் பண்ணி, ஒரு கட்டுரை கொடு மாப்ளே, ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அதை ஏற்கனவே நிறையப் பேர் எழுதிக் கொடுத்தாச்சு என்றார். எனக்கும் எழுத்துக்கும் இருந்த உறவு லேப் ரெக்கார்டோடு முடிந்துபோனது. அதுவும் பாதி பார்த்து எழுதியதுதான். ஆனாலும் கொஞ்ச நாளாக மனசில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயம் இருந்தது. சரி என்று உட்கார்ந்துவிட்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் அவிநாசி. பக்கத்திலேயே ஒரு ஸ்பின்னிங் மில்லில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ஆயிலர் என்று மூன்று ஷிஃப்டுக்கும் சேர்த்து என்னிடம் பத்தொன்பது பேர். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஒரு ரிங் ஃப்ரேமின் மெயின் மோட்டார் ஒரே வாரத்தில் மூன்று தடவை சூடாகி நின்றது. நான் டிராயிங்கை விரித்தேன். கரண்ட் அளந்தேன். ரிலே செட்டிங் பார்த்தேன். பேரிங் மாற்றச் சொன்னேன். கடைசியில் மோட்டாரையே கழற்றி ரீவைண்டிங்குக்கு அனுப்பினேன். ஸ்பேர் மோட்டார் போட்டோம், அதுவும் சூடானது. உற்பத்தி போனது, செலவு ஆனது, எனக்கு மானமும் போனது.

காரணம் என்ன தெரியுமா? மோட்டார் பெட்டிக்குக் காற்று போகிற தரைக்கடி வழியில் பஞ்சு அடைத்திருந்தது. அவ்வளவுதான். இது எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவருக்கு முதல் நாளே தெரியும். எட்டாவது வரை படித்தவர், இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஏண்ணா சொல்லவில்லை என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, நீங்க கேட்கலீங்க சார் என்று மட்டும் சொன்னார். இரண்டு மாசத்துக்கு முன் ஷிஃப்ட் ஆட்கள் எல்லோர் முன்னாலும் அவரிடம், யோசிக்கிறது என் வேலை, மாட்டுறது உங்க வேலை என்று நான் சொல்லியிருந்தேன். அவர் அதை மறக்கவில்லை. நான் மறந்துவிட்டேன்.

இதற்குப் பிறகுதான் மில்லில் எங்களைக் கோவையில் இரண்டு நாள் லீடர்ஷிப் டிரெய்னிங்குக்கு அனுப்பினார்கள். பழங்காலச் சீன ஞானத்தை இன்றைய தொழில் நிர்வாகத்தில் எப்படிப் பயன்படுத்துவது என்பது தலைப்பு. முதலில் எனக்குக் கொட்டாவிதான் வந்தது. சண்டைக்குப் போன சீனத் தளபதிக்கும் நம்ம ரிங் ஃப்ரேமுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். ஆனால் ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார வேண்டி வந்தது.

சுமார் 2500 வருஷத்துக்கு முன் வூ என்ற நாட்டில் தளபதியாக இருந்தவர் என்று மரபு சொல்லும் சுன் சூ, போர்க்கலை பற்றிப் பதிமூன்று அத்தியாயங்கள் எழுதியிருக்கிறார். அதில் ஒரு தலைவனுக்கு ஐந்து குணம் வேண்டும் என்று முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. அறிவு, நம்பகம், பரிவு, துணிவு, கண்டிப்பு. இதற்குப் பிற்காலத்தில் உரை எழுதியவர்கள் இன்னொன்று சொல்கிறார்கள். இந்த ஐந்தும் சேர்ந்திருந்தால்தான் குணம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் அதுவே குற்றமாகிவிடும். கண்டிப்பு மட்டும் இருந்தால் கொடுமை, துணிவு மட்டும் இருந்தால் முரட்டுத்தனம். எனக்கு அந்த ஃபிட்டர் அண்ணனின் குனிந்த தலை ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம் அவிநாசி ரோட்டில் பஸ்ஸில் திரும்பும்போது ஜி.டி. நாயுடு கண்காட்சிக் கட்டடத்தைத் தாண்டினேன். சீனாவரைக்கும் போவானேன், இந்த ஐந்தையும் உரசிப் பார்க்க நம்ம ஊரிலேயே ஒரு ஆள் இருந்தாரே, அவர்தானே நம் கல்லூரியின் முதல் பிரின்சிபால் என்று தோன்றியது. அடுத்த ஞாயிறு குழந்தையைக் கூட்டிக்கொண்டு அங்கே போனேன். பிறகு கிடைத்ததையெல்லாம் படித்தேன். அதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கழற்றிப் பார்த்த அறிவு

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தாயைச் சிறு வயதிலேயே இழந்தவர். பள்ளிக்கூடம் அவருக்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் வகுப்போடு படிப்பு நின்றது. அரியர்ஸ் வைத்த நமக்கெல்லாம் இது ஒரு ஆறுதல்.

இளம் வயதில் ஒருநாள், வருவாய்த்துறை வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடு இல்லை, குதிரை இல்லை, வண்டி தானாக ஓடுகிறது. அதை வாங்கியே தீருவது என்று கோவைக்கு வந்து ஒரு ஓட்டலில் சர்வராக வேலைக்குச் சேர்ந்தார். சுமார் மூன்று வருஷம் காசு சேர்த்து 300 ரூபாய்க்கு அந்த வண்டியை வாங்கினார். வாங்கியதும் செய்த முதல் வேலை, அதைத் துண்டு துண்டாகக் கழற்றியது. பிறகு மறுபடி மாட்டினார். மெக்கானிக் ஆனார்.

நாம் ஐ.சி. என்ஜின் பேப்பரை மூன்றாவது வருஷம் எழுதினோம். எத்தனை பேர் ஒரு கார்புரேட்டரைக் கையால் கழற்றியிருப்போம்? தலைவனுக்கு வேண்டிய அறிவு என்று சுன் சூ சொன்னது எது என்பதில் பண்டிதர்களுக்குள் பல கருத்து இருக்கலாம். நாயுடுவைப் பொறுத்தவரை, தன் ஆள் செய்யும் வேலையைத் தானும் கையால் செய்து அறிந்திருப்பதுதான் அறிவு. அப்படிப்பட்டவரிடம் எந்த ஃபிட்டரும் எதையும் மறைக்க முடியாது. மறைக்க வேண்டிய அவசியமும் வராது.

விழுந்து எழுந்த துணிவு

அடுத்து அவர் வந்தது நம்ம திருப்பூருக்கு. முதல் உலகப் போர் சமயத்தில் பஞ்சுத் தொழிலில் இறங்கி நன்றாகச் சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய்க்குப் போய்ப் பருத்தி வியாபாரத்தில் இறங்கினார். அங்கே சம்பாதித்ததை எல்லாம் இழந்தார். பஞ்சு விலை என்ன பண்ணும் என்று எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அதில் வீடு கட்டியவர்களும் உண்டு, வீட்டை விற்றவர்களும் உண்டு.

கை வெறுமையாகக் கோவை திரும்பியவருக்குத் துணை நின்றவர் ராபர்ட் ஸ்டேன்ஸ், கோவைத் தொழில் வளர்ச்சியில் பெரிய பெயர். அவர் உதவியோடு ஒரு பஸ் நாயுடுவுக்குக் கிடைத்தது. 1920ஆம் வருஷம் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்த ஒற்றை பஸ் ஓடியது. டிரைவர் நாயுடுதான்.

நேரம் தவறாத நம்பகம்

1933ல் அவருடைய யு.எம்.எஸ். பஸ் கம்பெனி 280 வண்டிகள் வைத்திருந்தது. பதிமூன்று வருஷத்தில் ஒன்று, இருநூற்றி எண்பது.

இந்த எண்ணைப் படித்ததும் நான் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டேன். அத்தனை வண்டியும் ரோட்டில் ஓடினால், வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர் என்றாலும் 560 பேர். ஒர்க்ஷாப், டிக்கெட் ஆபீஸ், டயர், பெட்ரோல் என்று இன்னும் எத்தனையோ பேர். செல்போன் கிடையாது, ஜி.பி.எஸ். கிடையாது. உடுமலையில் ஒரு வண்டி நின்றுபோனால் கோவையில் இருக்கும் முதலாளிக்கு எப்போது தெரியும்? அந்த இடத்தில் முடிவு எடுப்பவர் அந்த டிரைவர்தான். ஒரு பஸ்ஸைத் தானே ஓட்டியவர் 280 பஸ்ஸைத் தானே ஓட்ட முடியாது. நம்பித்தான் கொடுக்க வேண்டும். நம்பிக் கொடுத்தும் ஒழுங்காக ஓட வேண்டுமானால், முதலாளி சொன்ன சொல்லில் நிற்கிற ஆள் என்று தொழிலாளிக்கும், வண்டி சொன்ன நேரத்துக்கு வரும் என்று பயணிக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

எங்க அப்புச்சிக்கு உடுமலைப் பக்கம். சின்ன வயதில் யு.எம்.எஸ். பஸ்ஸைப் பார்த்துத்தான் வீட்டில் நேரம் சொல்லுவார்கள் என்று அவர் கதை கதையாகச் சொல்லுவார். கடிகாரம் இல்லாத வீட்டுக்கு அந்த பஸ்தான் கடிகாரம். சுன் சூ சொன்ன நம்பகத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

கூட்டாளியும் பரிவும்

1937ல் கோவையில் இந்தியாவின் முதல் மின் மோட்டார் தயாரானது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். இதை நாயுடு தனியாகச் செய்யவில்லை. டி. பாலசுந்தரம் நாயுடுவும் அவரும் சேர்ந்து செய்தது. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் என்ற பெரிய நிறுவனத்தை உருவாக்கினார். ஜவுளி இயந்திரங்களுக்கு வெளிநாட்டை நம்பியிருந்த காலத்தில் அவற்றை இங்கேயே செய்து காட்டிய நிறுவனம் அது. ஒருவரிடம் பிறந்த வேலை இன்னொருவர் கையில் வளர்ந்தது. இன்று கோவை மோட்டார், கோவை பம்ப் என்று நாடு முழுக்க விற்கிறதே, அதன் பின்னால் ஒரு ஆள் இல்லை. ஒருவரிடம் கற்றுக்கொண்டு தனியே பட்டறை போட்ட ஆயிரக்கணக்கான ஆட்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவில் உலர் மின்கலத்தில் ஓடும் ரசாந்த் முகச்சவர ரேசர், ஐரோப்பியப் பயணங்கள், 1936ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தது, அதே வருஷம் தேர்தலில் நின்று தோற்றது, பப்பாளி, பருத்தி, சோளத்தில் ஆராய்ச்சி என்று ஏகப்பட்ட கதைகள். அதையெல்லாம் கண்காட்சியில் போய்ப் பாருங்கள். நான் அடுத்த கட்டத்துக்குப் போகிறேன்.

1944ல், ஐம்பத்தொரு வயதில், நன்றாக ஓடிக்கொண்டிருந்த மோட்டார் தொழிலின் நேரடி நிர்வாகத்திலிருந்து நாயுடு விலகினார். ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை, தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கு நலத்திட்டம், ஒடுக்கப்பட்ட மக்களுக்கு உதவி என்று அறிவித்தார். லாவோ சூ என்ற இன்னொரு சீன ஞானியின் பெயரில் எண்பத்தொரு சிறு பகுதிகள் கொண்ட ஒரு நூல் இருக்கிறது. வேலை முடிந்ததும் தலைவன் ஒதுங்கிவிட வேண்டும், இதை நாங்களேதான் செய்தோம் என்று ஆட்கள் நினைக்கும்படி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். கேட்க நன்றாக இருக்கும். ஓடுகிற தொழிலை விட்டு ஒதுங்கிப் பார்த்தால்தான் அதன் கஷ்டம் தெரியும்.

நம் கல்லூரியும் ஒரு கண்டிப்பும்

இனி நம் கதை. 1945ல் கோவையில் சென்னை மாகாண கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பெயரில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கின. பின்னால் நின்றவர் நாயுடு. முதல் பிரின்சிபாலும் அவரே. மூன்றாம் வகுப்பு படித்தவர் என்ஜினியரிங் காலேஜ் பிரின்சிபால்! அந்தக் கல்லூரிதான் பிறகு தடாகம் ரோட்டுக்கு மாறி அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்று நம் எல்லோர் சர்டிபிகேட்டிலும் நிற்கிறது. அவிநாசி ரோட்டில் ஹோப் காலேஜ் என்று பஸ் ஸ்டாப் பெயர் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது.

ஆனால் நாயுடு நெடுநாள் பிரின்சிபாலாக இருக்கவில்லை. பொறியியல் படிப்புக்கு நாலு வருஷம் எதற்கு, மாணவனின் காலம் வீண், இரண்டு வருஷம் போதும் என்பது அவர் கட்சி. அரசு ஒத்துக்கொள்ளவில்லை. அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ராஜினாமா செய்துவிட்டுப் போய்விட்டார். ரேடியோ, மோட்டார் வண்டி போன்றவற்றில் குறுகிய காலப் பயிற்சிகளைத் தன் வழியில் நடத்தினார்.

நண்பர்களே, இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டேன். நாம் எல்லோரும் அந்த நாலு வருஷத்தின் பிள்ளைகள். நம் கல்லூரியை ஆரம்பித்தவரே வீண் என்று சொல்லிவிட்டுப் போன படிப்பைப் படித்துத்தான் நாம் சோறு தின்கிறோம். அவர் சொன்னது சரியா, தப்பா?

ரிங் ஃப்ரேம் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. நாலு வருஷம் படித்த எனக்குத் தெரியாதது எட்டாவது படித்தவருக்குத் தெரிந்திருந்தது. அதைவிட மோசம், அந்த நாலு வருஷம் என்னை அவரிடம் கேட்க விடவில்லை. பட்டம் தலைக்குள் போகாமல் தலைக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

ஆனால் நாயுடு சொன்னது முழுக்கச் சரி என்றும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. அவர் மாதிரி ஒரு மேதைக்கு இரண்டு வருஷம்கூட வேண்டாம். என்னை மாதிரி கிராமத்துப் பையனுக்கு முதல் வருஷம் பயம் தெளியவே சரியாக இருந்தது. அந்த நாலு வருஷத்தில்தான் தர்மபுரிக்காரனோடும் திருநெல்வேலிக்காரனோடும் ஒரே அறையில் வாழக் கற்றேன். ஒரு பிராஜெக்டில் ஐந்து பேரில் ஒருவன் வேலை செய்யாவிட்டால் என்ன செய்வது என்று கற்றேன். சில சமயம் அந்த ஒருவன் நானே.

இன்னொன்றும் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள், இது அவரைக் குறைத்துச் சொல்வது அல்ல. அவர் எழுந்து போகாமல் உட்கார்ந்து வாதாடியிருந்தால், நாலு வருஷத்தில் பாதியை ஒர்க்ஷாப்பில் கழிக்கும் ஒரு நடு வழி கிடைத்திருக்குமோ என்னவோ. கண்டிப்பு தனியாக நின்றால் குற்றம் என்று அந்த உரைக்காரர்கள் சொன்னது இங்கே பொருந்துகிறது. பிறகு 1952ல் 2000 ரூபாய் விலையில் இரண்டு பேர் போகும் பெட்ரோல் கார் ஒன்றைச் செய்து காட்டினார். அரசு அனுமதி கிடைக்காமல் அது நின்றது. 1950களில் வரிக் கொள்கையை எதிர்த்துத் தன் பொருள்களைத் தானே ஊர் அறிய உடைத்தார். அந்தக் கோபத்தில் நியாயம் இருந்திருக்கலாம். உடைந்தது உடைந்ததுதான்.

பஸ் கம்பெனி, மோட்டார், கல்லூரி என்று அவர் பலரோடு சேர்ந்து செய்து, பிறர் கையில் கொடுத்தவை வளர்ந்தன. தனி ஆளாக முட்டி நின்றவை பெரும்பாலும் அங்கேயே நின்றன. அவர் கோபித்துக்கொண்டு விட்டுப் போன கல்லூரி எண்பது வருஷம் தாண்டி நிற்கிறது. அவருடைய வாழ்க்கையில் நான் கற்றுக்கொண்ட டீம் ஒர்க் பாடம் இதுதான். அவருடைய வெற்றியிலிருந்து பாதி, பிடிவாதத்திலிருந்து பாதி.

1967ல் தன் தொழிற்கண்காட்சியை அமைத்தார். 1974 ஜனவரி 4 அன்று காலமானார். 2025 அக்டோபரில் அவிநாசி ரோட்டில் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்கள். அதற்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஹோப் காலேஜ் ஸ்டாப் அந்தப் பாலத்துக்குக் கீழே இருக்கிறது. மாசத்துக்கு நாலு தடவையாவது நான் அதில் போகிறேன்.

நான் செய்ததும் நாம் செய்யக் கூடியதும்

டிரெய்னிங் முடிந்த திங்கட்கிழமை காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில், எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லுக்கு எல்லோர் முன்னாலும் அந்த அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவருக்குக் கூச்சம் தாங்கவில்லை. அட விடுங்க சார் என்று டீ குடிக்கப் போய்விட்டார். அன்றிலிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை கால் மணி நேரம் ஏதாவது ஒரு மெஷின் பக்கத்தில் நின்று பேசுகிறோம். அந்த மெஷினில் வேலை பார்ப்பவர் முதலில் பேச வேண்டும், நான் கடைசியில். முதல் மூன்று வாரம் யாரும் வாயைத் திறக்கவில்லை. நாலாவது வாரம் ஒரு ஆயிலர் பையன் பேசினான். இப்போது நிறுத்தச் சொல்லத்தான் கஷ்டப்பட வேண்டியிருக்கிறது. எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். மோட்டார் இன்னும் நிற்கத்தான் செய்கிறது. ஆனால் ஏன் நின்றது என்பது எனக்குச் சீக்கிரம் தெரிந்துவிடுகிறது.

தம்பி தங்கைகளே, நாலு வருஷம் வீணா இல்லையா என்பதை இனி நாயுடு முடிவு பண்ண முடியாது. நீங்கள்தான் பண்ண வேண்டும். ஒர்க்ஷாப் பீரியடில் கை அழுக்காகட்டும். லேபில் இருக்கும் இன்ஸ்ட்ரக்டர் அண்ணன்மாரிடம் கேள்வி கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் இல்லை.

சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம்மில் பட்டறை, மில், ஃபவுண்டரி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர். லீவில் இரண்டு வாரம், ஆளுக்கு இரண்டு மாணவர்களைக் கூப்பிட்டு வேலையில் நிறுத்துங்கள். சர்டிபிகேட் எல்லாம் வேண்டாம், ஒரு மெஷினைக் கழற்றி மாட்டவிட்டால் போதும். சங்கம் பட்டியல் எடுத்தால் முதல் பெயராக என் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அவிநாசிக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். யாரிடம் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்கு அந்த ஃபிட்டர் அண்ணன் இருக்கிறார். கேட்டுவிட்டேன், சரீங்க சார் என்றிருக்கிறார்.

ரீயூனியனில் சந்திப்போம்.

– மெக்கானிக்கல் மாணவன், 2011 அணி, அவிநாசி